மிருதுவான வெடி, பிழையாத குறி

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் உச்சிவரை ஏறியவர்கள் அங்கே ஒரு பீரங்கி கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். அனந்தபுரம், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு வெடிமருந்து என்றதும் மனத்தில் எழுவது அந்தக் கோட்டையின் சரித்திரம்தான். 1690-இல் தொடங்கி 1698 வரை மொகலாயப் படை அதன் அடிவாரத்தில் முற்றுகையிட்டுக் கிடந்ததும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றியதும் இப்பகுதிப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகள். அந்தக் கதைகளிலெல்லாம் வெடிமருந்தின் மகிமை அதன் உக்கிரத்தில்தான் இருக்கிறது. எவன் அதிக மருந்தைக் கெட்டித்து, எவன் பெரிய குண்டை எறிந்தானோ அவனே பலசாலி.

ஆனால் வெடிமருந்துக்கு இன்னொரு பிரயோகமும் உண்டு. அதில் பலத்துக்குச் சற்றும் மரியாதை கிடையாது. இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஒரு காகிதத்தை நிறுத்தி, அதன் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, ஒரே கையை நீட்டி, அறுபது குண்டுகளையும் அந்த வட்டத்துக்குள்ளேயே செலுத்த முயலும் விளையாட்டு அது. காகிதத்தைத் துளைக்க எவ்வளவு பலம் வேண்டும்? மிகச் சொற்பமே போதும். ஆகவே இந்த வித்தையில் ஈடுபட்டவர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிவருவது, எவ்வளவு குறைந்த மருந்தில், எவ்வளவு மிருதுவான வெடியில், ஒவ்வொரு தடவையும் எள்ளளவும் மாறாத ஒரே பலனைப் பெறலாம் என்பதைத்தான். அந்தத் தேடலின் காரண காரியங்களை அறிந்துகொண்டால், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கும் நுட்பம் என்பது எங்கே இருக்கிறதென்று ஓரளவு விளங்கும்.

தோட்டாவின் நான்கு அங்கங்கள்

நம் கிராமப்புறங்களில் முன்பு புழங்கிய நாட்டுத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடியும் நாரை வைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். கெட்டிப்பவன் கைப்பழக்கமே அதற்கு அளவு. ஒரு வெடியைப் போல மறுவெடி இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பித்தளைக் கூட்டோடு கூடிய தோட்டா வந்த பிறகு இந்த நிலைமை அடியோடு மாறிற்று. அதன் அடியில் விசை தட்டியதும் பொறி கக்கும் கேப்பு, உள்ளே அளந்து இட்ட மருந்து, வாயில் இறுகப் பொருத்திய ஈயக் குண்டு, இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டபின் மருந்தும் கேப்பும் குண்டும் போய்விடுகின்றன. கூடு மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சிய கூட்டை மறுபடி பயன்படுத்தலாமே என்ற எண்ணத்திலிருந்துதான், மேல்நாடுகளில் தோட்டாவைத் தன் கையாலேயே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் பிறந்தது. சிக்கனத்துக்காகத் தொடங்கியவர்கள், போகப்போக அதில் சிக்கனத்தைவிடப் பெரிய ஒரு லாபத்தைக் கண்டார்கள். கடையில் கிடைக்கும் தோட்டா யுத்தத்துக்கும் தற்காப்புக்கும் ஏற்ற வேகத்தோடு தயாராகியிருக்க, தமக்கு வேண்டிய மிருதுவான வெடியைத் தாமே அமைத்துக்கொள்ள முடிந்தது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த வால்டர் வைனன்ஸ் என்ற அமெரிக்கர் ரிவால்வர் சுடுவதில் பெயர் பெற்றவர். 1901-இல் அந்தக் கலையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுவதில் தங்கம் வென்ற அதே மனிதர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சிற்பக் கலைக்கான தங்கத்தையும் பெற்றார். உளியைப் பிடித்த கைக்குத் துப்பாக்கி பிடிபட்டதில் ஆச்சரியமில்லை. இரண்டிலும் வேண்டியது அடக்கிய பலம்தானே.

மிருது ஏன்?

துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்வதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே உதைக்கிறது என்பது நியூட்டன் வகுத்த விதி. அந்த உதை சுடுகிறவனுக்கு இரண்டு விதத்தில் சத்துரு. முதலாவது, உதையால் மேலே எழும்பிய குழலை மறுபடி இலக்குக்குக் கொண்டுவர அவகாசம் பிடிக்கிறது. இருபத்தைந்து மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற சர்வதேசப் போட்டியில் முதல் முப்பது குண்டுகளை, ஐந்து ஐந்தாக, ஐந்து நிமிஷ அவகாசத்தில் நிதானமாகச் சுடலாம். அடுத்த முப்பதில், இலக்கு மூன்று வினாடி முகங்காட்டும், பிறகு ஏழு வினாடி மறைந்துகொள்ளும். அந்த மூன்று வினாடிக்குள் தாழ்த்திய கையை உயர்த்தி, குறிபார்த்து, ஒரே ஒரு குண்டைச் சுட்டாக வேண்டும். உதையால் பிடி நழுவிய கைக்கு அந்த ஏழு வினாடி போதாது.

இரண்டாவது சத்துரு இதைவிடச் சூட்சுமமானது. பலமான உதையையும் ஓசையையும் அனுபவித்த உடம்பு, அடுத்த தடவை வெடி வருவதற்கு முன்பே தன்னையறியாமல் திடுக்கிடக் கற்றுக்கொள்கிறது. விசையை இழுக்கும் தருணத்தில் மணிக்கட்டு இறுகிக் குழல் கீழே குனிகிறது. மனத்தால் இதை அடக்கிவிடலாம் என்று நினைப்பது வீண். வெடியை மிருதுவாக்குவதே நேரான பரிகாரம். இந்தப் போட்டியில் குண்டு இத்தனை வேகத்தில் பாய வேண்டுமென்ற குறைந்தபட்ச நிபந்தனை ஏதும் இல்லாதபடியால், சுடுகிறவர்கள் ஒலியின் வேகத்துக்கும் வெகுவாகக் கீழே, வினாடிக்கு ஏறக்குறைய 230 மீட்டர் வேகத்தில் செல்லும் தோட்டாக்களையே விரும்புகிறார்கள். அதற்கான மருந்தோ, நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த பழைய குன்றிமணியின் எடையை ஒட்டித்தான் இருக்கும்.

மிருதுவான தோட்டாவுக்கும் ரிவால்வருக்கும் உள்ள சிநேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல், வெடியின் சக்தியில் ஒரு பகுதியைக் கொண்டே இயங்குவது. வெடி மிகவும் மெலிந்தால் அது பாதியில் நின்றுவிடும். ஆகவே மென்மையான தோட்டாவைச் சுடும் பந்தயப் பிஸ்டலை அதற்கென்றே தனியாக வடிவமைக்கிறார்கள். ரிவால்வரின் உருளையைச் சுழற்றுவதோ சுடுகிறவனின் விரல்; வெடி எவ்வளவு மெலிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் ரிவால்வருக்கென்று ஒரு பலவீனமும் இருக்கிறது. குண்டு உருளையின் அறையிலிருந்து புறப்பட்டு, ஒரு மெல்லிய இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய வேண்டும். ஆறு அறைகளும் ஒன்றுபோல் குழலுக்கு நேராக நிற்க வேண்டும். ஓர் அறை மயிரிழை விலகினாலும், ஆறில் ஒரு குண்டு மட்டும் எப்போதும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி விழும். தேர்ந்தவர்கள் அறைகளுக்கு மையால் அடையாளமிட்டு, எந்த அறையின் குண்டு எங்கே விழுகிறதென்று பரீட்சித்து அறிவார்கள்.

மொண்ணைக் குண்டு

பந்தயத் தோட்டாவைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அதில் குண்டே இல்லை என்றுதான் முதலில் நினைப்பார்கள். கூம்பிய மூக்கு எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிராது. பித்தளைக் கூட்டின் விளிம்போடு விளிம்பாக, நறுக்கி வைத்ததுபோல் தட்டையான ஈயம் மட்டும் தெரியும். வாட்கட்டர் என்று பெயர் பெற்ற இந்த மொண்ணைக் குண்டின் வடிவத்துக்கு இரண்டு உபயோகங்கள் உண்டு.

ஒன்று, மதிப்பெண் சம்பந்தப்பட்டது. கூர்மையான குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஓட்டையின் விளிம்பு பிசிறடித்து, அது எந்த வட்டத்தைத் தொட்டது என்பதில் தகராறு வரும். மொண்ணைக் குண்டோ, எட்டு மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டி எடுத்ததுபோல் துல்லியமாக விட்டுச் செல்லும். கோட்டைத் தொட்டால் உயர்ந்த மதிப்பெண்ணே கணக்கு என்பதால், அந்தச் சுத்தமான விளிம்பு சுடுகிறவனுக்கும் நடுவருக்கும் ஒருங்கே நன்மை.

மற்றொன்று ரசாயனத்தைச் சேர்ந்தது. இந்தப் போட்டியில் பெரும்பாலும் கையாளப்படும் பாயின்ட் 32 ஸ்மித் அண்டு வெஸன் லாங் தோட்டா 1896-ஐச் சேர்ந்தது. கூடு நிறையக் கரிமருந்தை இட்ட வழக்கத்துக்கு ஏற்ப அமைந்தது அது. பிற்பாடு பிரான்ஸில் பால் வியேய் 1884-இல் கண்டுபிடித்த புகையில்லா மருந்தின் வம்சம் எங்கும் பரவியது. அது கரிமருந்தைவிடப் பன்மடங்கு வீரியமுள்ளது. ஆகவே கூட்டில் அது அடியில் மட்டும் கிடக்கும், மேலே பெரும் பகுதி வெற்றிடமாகிவிடும். குழல் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மருந்து முன்னே சரியும், மேல்நோக்கியிருந்தால் கேப்பின் மீது படியும். அதற்கேற்ப ஒவ்வொரு தடவையும் எரியும் வேகம் மாறும். மொண்ணைக் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்கிவிட்டால் இந்த வெற்றிடம் சுருங்கிவிடுகிறது. குண்டின் அடிப்பாகம் பல வகைகளில் குடைந்து வெறுமையாக இருக்கும். மென்மையான வெடியின் அழுத்தத்திலேயே அந்த ஈயப் பாவாடை விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால் வாயு பக்கங்களில் கசியாது. அற்பமாகத் தோன்றும் ஓர் ஈயத் துண்டுக்குள் இத்தனை யோசனை அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கு

இவ்வளவு சிரத்தையும் அவசியந்தானா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 25 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வினாடி பிடிக்கிறது. அதற்குள் பூமியின் ஈர்ப்பால் அது ஆறு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. ஒரு தோட்டாவின் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர் குறைந்தால் அது தாழ்வது இன்னும் ஐந்து மில்லிமீட்டரே கூடும். இனி மனிதனின் பங்கைப் பார்ப்போம். விதிப்படி பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே அதிகபட்சம் 220 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இலக்கில் அந்தப் பிழை பதினோரு சென்டிமீட்டருக்கும் மேலாக வளர்ந்துவிடும்; பத்து மதிப்பெண் வர வேண்டிய இடத்தில் ஆறுதான் கிடைக்கும்.

கையின் பிழை இவ்வளவு பெரிதாயிருக்க, தோட்டாவின் ஐந்து மில்லிமீட்டரைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இங்கேதான் இந்த வித்தையின் மர்மஸ்தானம் இருக்கிறது. சுடுகிறவன் தன் பிழையைத் திருத்திக்கொள்வது காகிதத்தில் விழுந்த ஓட்டைகளைப் படித்துத்தான். இடப்பக்கம் ஒதுங்கினால் விசையை இழுத்த விரலில் குற்றம். கீழே விழுந்தால் மணிக்கட்டில் குற்றம். மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சில் குற்றம் என்று அவன் அனுமானம் செய்கிறான். தோட்டா ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு விலகுமானால் அந்த ஓட்டைகள் சொல்வதெல்லாம் பொய்ச்சாட்சியாகிவிடும்; நல்ல கையைத் திருத்தப் போய்க் கெடுத்துக்கொள்வான், கெட்ட கையைத் தோட்டாவின் மேல் பழிபோட்டுக் காப்பாற்றிக்கொள்வான். சமமான தோட்டா மதிப்பெண்ணைக் கூட்டித் தருவதைவிட, குற்றம் யாருடையது என்பதைச் சந்தேகமறச் சொல்லிவிடுகிறது. தேர்ந்தவர்கள் அதற்காகவே அவ்வளவு பாடுபடுகிறார்கள்.

கையால் நிரப்புவதும் நம் சட்டமும்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் தோட்டாவைக் கையால் நிரப்புவது சட்டப்படியான பொழுதுபோக்கு. ஆனால் அங்கேயும் மென்மையான வெடியே அதிக ஜாக்கிரதையை வேண்டுவதென்று அனுபவஸ்தர்கள் எச்சரிப்பார்கள். கூட்டின் அடியில் சிறிதளவே மருந்து கிடப்பதால், மறதியில் இரண்டாம் முறையும் மருந்து விழுந்துவிட்டாலும் கூடு நிரம்பி வழிந்து காட்டிக்கொடுக்காது. ரிவால்வரின் உருளை பிளந்து போகும். மருந்தே விழாமற் போனாலும் ஆபத்துதான்: கேப்பின் சக்தி மட்டும் குண்டைப் பாதி வழி தள்ளிக் குழலுக்குள் நிறுத்திவிடும், ஓசை குறைந்ததைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

நம் தேசத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தம் தண்டனையை மிகவும் கடுமையாக்கியதோடு, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பந்தய வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகைகள் உண்டு. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் உரிய அளவுகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டிருப்பதால்தான், கான்பூரில் சர்க்கார் ஆலை செய்யும் ரிவால்வரும் பாயின்ட் 32 அளவிலேயே வருகிறது.

ஆனால் நம்மவர்களுக்கு மருந்தின் சாஸ்திரம் தெரியாதென்று அர்த்தமில்லை. ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் வரும் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இன்றும் புகையில்லா மருந்தைத் தயாரித்துவருகிறது; 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற சர்க்கார் கம்பெனியின் கீழ் இருக்கிறது. அபெல், டியூவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1889-இல் உருவாக்கிய, கயிறு கயிறாகப் பிழியப்படும் மருந்துக்குத்தான் கார்டைட் என்று பெயர். இவ்வகை மருந்துகள் வெப்பம் ஏற ஏற வேகமாக எரியும் சுபாவமுள்ளவை. சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவைத்தவர், நிழலில் வைத்திருந்த அதே தோட்டாவின் பலனை எதிர்பார்க்க முடியாது.

கையால் நிரப்ப வழியில்லாத நிலையில் நம் வீரர்கள் சமத்துவத்தை எப்படித் தேடிக்கொள்கிறார்கள்? தேர்ந்தெடுப்பதன் மூலம். ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகளுக்கு உரிய பாயின்ட் 22 தோட்டாவில் கேப்பு தனியே கிடையாது. பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பரவியிருப்பதால் அதை மறுபடி நிரப்புவது எந்த நாட்டிலும் நடைமுறையில் இல்லை. ஆகவே இங்கிலாந்தில் ஈலி, பின்லாந்தைச் சேர்ந்த லாபுவா போன்ற கம்பெனிகள் தங்கள் பரீட்சைக் கூடத்தில் வீரரின் துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, தயாரிப்புத் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும் சில தோட்டாக்களைச் சுட்டுக் காட்டுகின்றன. எந்தத் தொகுதி அந்தக் குழலுக்கு இசைந்து ஓட்டைகளை ஒரே இடத்தில் குவிக்கிறதோ, அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். ஒரே ஆலையில், ஒரே பெயரில் வந்தாலும் ஒரு குழலுக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை.

நம் வீரர்கள்

தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தோன்றியது. லோக்சபையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதன் ஸ்தாபகர். சென்டர் ஃபயர் பிஸ்டல் ஒலிம்பிக்கில் இல்லாத போட்டியானாலும், அதில் நம் நாட்டுக்கு ஓர் அரிய பெயரைத் தேடித் தந்தவர் ஜஸ்பால் ராணா. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அவர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2006-இல் தோஹாவில், கடும் காய்ச்சலோடு நின்று, 600-க்கு 590 மதிப்பெண் எடுத்து அதே போட்டியில் மீண்டும் தங்கத்தைப் பெற்றார்; அந்த ஒரு விழாவில் மட்டும் அவருக்கு மூன்று தங்கங்கள். 590 என்றால் அறுபது குண்டுகளில் பத்தே மதிப்பெண்தான் நழுவியிருக்கிறது. காய்ச்சலில் கை நடுங்கும்; அந்த நடுக்கத்தின் மேல் தோட்டாவின் தடுமாற்றமும் சேர்ந்திருந்தால் அந்த எண் சாத்தியமாகியிராது. 2012 லண்டனில் விஜய்குமார் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வென்றதும், ராணாவிடம் பயின்ற மனு பாக்கர் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலங்களைப் பெற்றதும் வாசகர்கள் அறிந்தவை.

தமிழ்நாடும் இந்தத் துறைக்கு அந்நியமன்று. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் தம் அணியோடு பதக்கங்கள் வாங்கியபோது பலருக்கு இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியவந்தது. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஏர் ரைபிளில் இந்தியாவின் சார்பில் நின்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் பக்கத்துக் கடலூரில்தான்.

ஆர்வமுள்ள பிள்ளைகள் தொடங்குவதற்கு ரிவால்வர் தேவையே இல்லை. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மருந்தும் கேப்பும் கிடையாது. காற்றழுத்தம் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பாயின்ட் 177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு இப்போதைய விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. அங்கேயும் இதே கவனம்தான்: குண்டின் தலை விட்டம் 4.49 மில்லிமீட்டரா 4.50 மில்லிமீட்டரா என்று பார்த்து, தன் குழலுக்கு எது ஒத்துவருகிறதென்று பரீட்சித்து, அந்த வகையையே தொடர்ந்து வாங்குவார்கள். பத்து மதிப்பெண்ணுக்குரிய வட்டம் அங்கே 11.5 மில்லிமீட்டர்தான்.

அங்கீகாரம் பெற்ற ஒரு சங்கத்தில், பயிற்சியாளர் கண்பார்வையில், குண்டு ஏற்றாமலே விசையை இழுத்துப் பழகுவதில் முதல் சில மாதங்களைச் செலவிடுவது நல்லது. தேர்ந்த வீரர்களும் அந்தப் பயிற்சியை விடுவதில்லை. பிறகு சுடத் தொடங்கும்போது ஒவ்வொரு நாளின் இலக்குக் காகிதத்தையும் தேதி போட்டு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். குண்டும் குழலும் மாறாமலிருக்கும் வரையில், அந்தக் காகிதங்களில் காணும் மாறுதல் முழுவதும் சுடுகிறவருடையது. பயிற்சியாளர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.